பாட்டியின் தாலாட்டும் பெயரில்லாத குறுவட்டும்



கடந்த பள்ளி விடுமுறையில் ரெம்பியாவிலுள்ள என் வீட்டு அலமாரியைத் துப்புரவு செய்தபோது இரண்டு குறுவட்டுகள் கிடைத்தன. 2005-இல், ஆசிரியர் பயிற்சியில் இருந்த காலத்தில், தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவரின் பாடல்களைப் பதிவு செய்து வைத்தவை. ஒன்றில் கும்மிப் பாடல்கள், மற்றொன்றில் தாலாட்டுகள். கும்மி இன்றும் கணீரென ஒலிக்கிறது. தாலாட்டு வட்டையோ எந்தக் கருவியாலும் படிக்க இயலவில்லை. பாட்டியும் இன்று நம்மிடையே இல்லை.

இரண்டும் ஒரே நாளில், ஒரே கணினியில், ஒரே மென்பொருளைக் கொண்டு பதிவு செய்தவை. வேறுபாடு வட்டில்தான். கும்மிக்குத் தனி உறையோடு கூடிய நல்ல வட்டு. தாலாட்டுக்குக் கொத்தாக மலிவு விலையில் வாங்கிய பெயரில்லாத வட்டு. போதாக்குறைக்கு, அழகுக்காக அதன் மேல் பசைத்தாளையும் ஒட்டியிருந்தேன். எந்த மென்பொருள் சிறந்தது என்று நண்பர்களோடு நாள்கணக்கில் விவாதித்த நான், வட்டைத் தெரிவு செய்ய ஐந்து நிமிடம்கூடச் செலவிடவில்லை.

இந்தக் காலத்திலும் குறுவட்டா என்று சிலர் நினைக்கலாம். வகுப்பறை வானொலிப் பெட்டியிலும் தாத்தா பாட்டியர் வீட்டிலும் ஒரு பொத்தானை அழுத்தினால் பாடுவது குறுவட்டே. குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுக்காமலேயே கதையும் பாடலும் கேட்கச் செய்யலாம்.

மென்பொருளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டா. இரைச்சலை நீக்கவும் பாடல்களைத் தனித்தனியே பிரிக்கவும் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி போதும். வட்டில் பதிய இம்ஜ்பர்ன் போன்ற இலவச மென்பொருளே போதுமானது. இரண்டை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். முதலாவது, 'தரவு வட்டு' என்பதை விடுத்து 'ஆடியோ சிடி' என்பதைத் தெரிவு செய்யுங்கள். எம்பி3 கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் பழைய கருவிகள் பாடமாட்டா. பிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் 1980-இல் வகுத்த தரத்தின்படி ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிய வேண்டும்; 700 எம்பி வட்டில் ஏறத்தாழ 80 நிமிடமே அடங்கும். இரண்டாவது, உச்ச வேகத்தைத் தவிர்த்து 16 அல்லது 24 மடங்கு வேகத்தில் பதிந்து, வேறொரு கருவியில் முழுவதும் கேட்டுப் பாருங்கள்.

இனி வட்டு. பதிவு வட்டின் உயிர் அதிலுள்ள சாயப் படலமே. கனடாவின் பாதுகாப்புக் கழகம், தாலோசயனின் சாயமும் தங்கப் படலமும் கொண்ட வட்டுகள் 100 ஆண்டுகளுக்கு மேலும், சயனின், அசோ சாயமும் வெள்ளிப் படலமும் கொண்டவை 20 முதல் 50 ஆண்டுகளும் நிலைக்கக்கூடும் என மதிப்பிட்டுள்ளது. அழித்தெழுதும் வட்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். பல பழைய கருவிகள் அவற்றைப் படிப்பதில்லை.

நல்ல வட்டாயினும் பேணாவிட்டால் பயனில்லை. அமெரிக்கத் தர, தொழில்நுட்பக் கழகத்தின் 2003-ஆம் ஆண்டுக் கையேடு, பசைத்தாளை ஒட்டாமல் நீர்மை எழுதுகோலால் எழுதுமாறும், 20 பாகைக்கு மேற்படாத வெப்பத்திலும் குறைந்த ஈரப்பதத்திலும் வைக்குமாறும் கூறுகிறது. மலாக்காவின் வெயிலும் ஈரமும் நாமறிந்தவை. வாகனத்திற்குள்ளோ சன்னலோரத்திலோ வட்டை வைக்காதீர்கள்.

எனினும், என் கருத்தின் சாரம் வேறு. குறுவட்டு கேட்பதற்கு உரியது; காப்பதற்கு அதை மட்டுமே நம்பலாகாது. மூலப் பதிவை வேவ் கோப்பாகவே வன்தட்டில் ஒரு படியும், மற்றோர் இடத்தில் இன்னொரு படியும் வைத்திருங்கள். நான் அன்று அப்படிச் செய்திருந்தால் அந்தத் தாலாட்டை இன்று என் மாணவர்கள் கேட்டிருப்பார்கள்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பெரியவரின் குரலை இந்த வாரமே பதிவு செய்யுங்கள். ஆசிரியர்களே, அதனை மாணவர்களுக்கு விடுமுறைப் பணியாகக் கொடுங்கள். வட்டை நாளை வாங்கிக்கொள்ளலாம். குரல் காத்திருக்காது.