கடைக்கு இழப்பு சில வாரம், ஊழியருக்கு?

2023 பிப்ரவரி 8. கனடாவின் மிகப் பெரிய புத்தகக் கடை நிறுவனமான இண்டிகோவின் இணையதளம் முடங்கியது. கடைகளில் கார்டு எடுபடவில்லை, பரிசு அட்டை செல்லவில்லை, வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. ரொக்கம் மட்டும்தான். கல்லாவில் நின்ற ஊழியர்கள் வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிச் சமாளிக்க வேண்டியிருந்தது. களவு போனது தங்கள் விவரங்கள்தான் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது.

தெரிவதற்கு இரண்டு வாரங்களுக்கு மேல் ஆனது. வாடிக்கையாளர் தகவல் போனதற்கு ஆதாரமில்லை, ஊழியர் தகவல்தான் போயிருக்கிறது என்று நிறுவனம் அறிவித்தது. அப்போது வேலையில் இருந்தவர்களோடு, முன்பே வேலையை விட்டுப் போனவர்களும் இதில் சிக்கினார்கள். பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, சம்பளம் போடும் வங்கிக் கணக்கு எண். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘சின்’ நம்பர் என்று டொராண்டோ தமிழர்களும் சொல்லும் 9 இலக்க சமூகக் காப்புறுதி எண்.

கார்டு திருடுபோனால் வங்கி வேறு கார்டு தரும். சின் நம்பர் அப்படி இல்லை. மோசடி நடந்ததற்கு ஆதாரம் காட்டினால்தான் அரசு புதிய எண் தருவதைப் பற்றியே யோசிக்கும். கிடைத்தாலும் பழைய எண் செத்துப்போவதில்லை; அந்த எண்ணை வைத்து யாராவது கடன் கேட்டால், அது நான் இல்லை என்று எண்ணுக்குரியவரே நிரூபிக்க வேண்டும்.

தாக்கியது லாக்பிட் என்ற ரான்சம்வேர் கும்பல். பணம் தராவிட்டால் எல்லாவற்றையும் வெளியிடுவோம் என்று மிரட்டியது. இண்டிகோ தர மறுத்தது. அந்தப் பணம் பயங்கரவாதிகள் கைக்கோ, தடைப் பட்டியலில் உள்ளவர்கள் கைக்கோ போகாது என்பதற்கு உத்தரவாதமில்லை என்று காரணம் சொன்னது.

அந்த முடிவு சரியானதே. 2024 பிப்ரவரியில் பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட பல நாட்டுக் காவல் அமைப்புகள் சேர்ந்து லாக்பிட்டின் சர்வர்களைக் கைப்பற்றின. பணம் கட்டிய நிறுவனங்களின் தகவல்களும் அழிக்கப்படாமல் அங்கே இருந்தன.

ஆனால் முடிவெடுத்தது நிர்வாகம். அதன் விலையைக் கொடுத்தது ஊழியர்கள். அவர்களுக்குக் கிடைத்தது என்ன? டிரான்ஸ்யூனியன் என்ற கடன் தகவல் நிறுவனம் மூலம் 2 ஆண்டு கடன் கண்காணிப்பு. பிறந்த தேதியும் சின் நம்பரும் ஆயுளுக்கும் கூட வருபவை. திருடியவர்கள் 2 ஆண்டு பொறுத்திருக்க மாட்டார்களா? புத்தகக் கடையில் பகுதி நேரம் வேலை பார்த்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்ட ஒரு மாணவி, தன் பெயரில் யார் கடன் வாங்குகிறார்கள் என்று காலமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இது ஈடாகாது.

சட்டமும் அவர்களைக் கைவிடுகிறது. கனடாவின் கூட்டாட்சித் தனியுரிமைச் சட்டம் கடைக்கு வரும் வாடிக்கையாளரின் தகவலைக் காக்கும். ஒண்டாரியோவில் அதே கடையின் கல்லாவில் நிற்கும் ஊழியரின் தகவலுக்கு அது பொருந்தாது. வங்கி, விமானம், தொலைத்தொடர்பு போன்று கூட்டாட்சி அரசின் கீழ் வரும் துறைகளின் ஊழியர்களுக்கு மட்டுமே பொருந்தும். கியூபெக், ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணங்கள் சொந்தச் சட்டம் போட்டு இந்த ஓட்டையை அடைத்திருக்கின்றன. மக்கள்தொகையில் முதலிடத்தில் உள்ள ஒண்டாரியோ இன்னும் அடைக்கவில்லை.

இண்டிகோவுக்கு நடந்த அதே 2023-இல், அக்டோபரில், பிரிட்டிஷ் நூலகத்தை ரைசிடா என்ற கும்பல் தாக்கியது. நூலகமும் பணம் தரவில்லை. அதன் ஊழியர்களின் ஆவணங்களும் வெளியே வந்தன. ஆனால் சில மாதங்களில், 2024 மார்ச்சில், எங்கே ஓட்டை இருந்தது, பழைய கணினி அமைப்புகள் எப்படிக் காலை வாரின என்று நூலகமே ஓர் அறிக்கை வெளியிட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இண்டிகோ அந்த அளவாவது பதில் சொல்ல வேண்டாமா?

முன்னாள் ஊழியர்களின் கேள்வி இன்னும் அடிப்படையானது. வேலையை விட்ட பிறகும் என் விவரம் அங்கே ஏன் கிடந்தது? சம்பளப் பதிவேடுகளை 6 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது கனடா வரித்துறை. அதற்குப் பிறகும் எதையாவது வைத்திருந்தால், அதற்கு நிறுவனம்தான் காரணம் சொல்ல வேண்டும்.

வேலை மாறிய வாசகர்கள் பழைய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். என்னுடைய எந்தெந்த ஆவணங்கள் இன்னும் உங்களிடம் இருக்கின்றன, எதை எப்போது அழிப்பீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.