தாங்குமா, நிக்குமா?

"பன்னெண்டு வருஷ வண்டிக்கு எதுக்குங்க மாமா இவ்வளவு செலவு? வித்துட்டுப் புதுசு எடுத்துருங்க." கோயமுத்தூர்ல கம்பெனி வேலையில இருக்கிற என் மச்சினன் மகன் சொன்னது இது. டவுன்ல இருக்கிற உங்களுக்கும் அதுதான் நியாயமாப் படும். புது பிக்கப் எடுத்தா மாசாமாசம் தவணை கட்டணும். முட்டைக்கோசு மாசாமாசம் விலைக்குப் போகாது. எஞ்சின் நல்லா இருக்கிற வண்டியை அச்சு போச்சுன்னு விக்கிறது, குளம்பு தேஞ்ச மாட்டைச் சந்தைக்கு ஓட்டுற மாதிரி. லாடம் அடிச்சா அது இன்னும் பத்து வருஷம் உழைக்கும்.

அதனால ரிப்பேர் பண்றதுல எனக்கு மறுப்பே இல்லை. பழைய சாமான் வாங்கிப் போடுறதையும் நான் குறை சொல்லலை. எதைப் பழசாப் போடலாம், எதைப் போடக்கூடாதுங்கிறதுலதான் எங்க பக்கத்து ஆளுங்களோட எனக்குச் சண்டை.

பிக்கப்போட பின் அச்சுங்கிறது ஒரு இரும்புக் கூடு. ஹவுசிங்குன்னு சொல்லுவோம். நடுவுல கிரவுன், பினியன். ரெண்டு பக்கமும் ஆக்ஸில் ராடு, முனையில டிரம். ஆக்ஸிலேட்டர் மிதிச்சா ஒரு ஊளைச் சத்தம், விட்டா வேற மாதிரி சத்தம்னா கிரவுன் பினியன் பல்லு தேஞ்சிருச்சுன்னு அர்த்தம். புது ஜோடி விலை அதிகம். சென்னைக்காரங்களுக்குப் புதுப்பேட்டை மாதிரி எங்களுக்கு உக்கடம் பழைய இரும்புக் கடைங்க. அங்க முழு அச்சையே தூக்கிட்டு வரலாம். தப்பில்லை. ஆயிலை வடிச்சு விரல்ல தேய்ச்சுப் பாருங்க, இரும்புத் தூள் மினுக்கினா வேண்டாம். ஹவுசிங்ல வெல்டிங் வச்ச தடம் இருந்தாலும் வேண்டாம். பல்லு எண்ணிக்கை நம்ம பழைய அச்சோட ஒத்துப்போகணும், இல்லைன்னா வண்டி இழுவையே மாறிடும். இதெல்லாம் பார்த்து எடுத்த பழைய அச்சு வருஷக்கணக்கா ஓடும்.

ஆனா அந்த அச்சோட முனையில ஒட்டிக்கிட்டு வர்ற பிரேக்கை அப்படியே ஓட்டக்கூடாது. வீல் சிலிண்டர் துருப்பிடிச்சு இறுகியிருக்கும். சீல் கசிஞ்சு லைனர் ஆயிலைக் குடிச்சிருக்கும். டிரம் உள்ள பள்ளம் விழுந்திருக்கும். லேத்துல கடைசல் பிடிக்கலாம், ஆனா டிரம்முக்கும் ஒரு கடைசி அளவு இருக்குது, அதைத் தாண்டினா பழைய இரும்புக்குத்தான். சிலிண்டர், லைனர், சீல் மூணையும் ரெண்டு பக்கமும் புதுசாப் போட்டாலும் அச்சுக்குக் கொடுத்த காசுல ஒரு சின்னப் பங்குதான் ஆகும். அதைத்தான் மிச்சம் பிடிக்கிறாங்க. "பெடல் நிக்குதில்ல, போதும்"பாங்க. இன்னும் மோசம் ஒண்ணு இருக்கு. ஒரு சக்கரத்துல ஆயில் கசிஞ்சா அதுக்குப் போற பைப்பை மடக்கி அடைச்சுவிட்டு மீதி மூணு சக்கரத்துல ஓட்டுறது. இதைக் கெட்டிக்காரத்தனம்னு டீக்கடையில பெருமையாச் சொல்றவங்களை நான் பார்த்திருக்கேன்.

நாங்க இருக்கிறது தாளவாடி பக்கம். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய் போகணும்னா ஆசனூர் தாண்டி, திம்பத்துல இருந்து 27 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். கீழ பண்ணாரி அம்மன் கோயில்கிட்ட நிறுத்திச் சாமி கும்பிடாத டிரைவர் கிடையாது. கும்பிட்டுட்டு ஒரு தடவை பின் டிரம்மு பக்கத்துல கையைக் கொண்டுபோய்ப் பாருங்கன்னு நான் சொல்லுவேன். அடுப்புக் கல்லு மாதிரி அனல் அடிக்கும். ரெண்டாவது கியர்ல எஞ்சினை வச்சுப் பிடிச்சு இறங்காம, நியூட்ரல்ல விட்டு டீசல் மிச்சம் பண்ணி வந்தவன் வண்டியில இன்னும் அதிகமா அடிக்கும். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கிற சாமான். வருஷக்கணக்கா மாத்தாம விட்ட ஆயில் அந்தச் சூட்டுல கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிடும். அது எந்த வளைவுல நடக்கும்னு யாருக்குத் தெரியும்?

அடுத்தது பட்டை. அச்சை இறக்கி ஏத்தும்போதே, "அண்ணா, மேல ரெண்டு பட்டை சேர்த்திரலாமுங்களா, லோடு நல்லாத் தாங்கும்" என்று பட்டறைத் தம்பி கேட்பார். எல்லாரும் சரிங்கிறாங்க. இதுல ஒரு சூட்சுமம் இருக்குது. நிறைய பிக்கப்ல பின்னாடி சேசிஸ்ல ஒரு வால்வு இருக்கும். அதுல இருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகும். லோடு ஏறினா பாடி கீழ அமுங்கும், கம்பி நகரும், பின் பிரேக்குக்கு ஆயில் அழுத்தம் கூடும். வெறும் வண்டியில அழுத்தம் குறையும், இல்லைன்னா பின் சக்கரம் பூட்டிக்கிட்டு வண்டி வாலைத் திருப்பிடும். இப்ப ரெண்டு பட்டை சேர்த்தா என்ன ஆகும்? ரெண்டு டன் ஏத்தினாலும் பாடி அமுங்காது. வண்டி காலியா இருக்குதுன்னு வால்வு நினைச்சுக்கும், பின் பிரேக்கைக் குறைச்சுக் கொடுக்கும். லோடு ஏறினது அச்சுக்குத் தெரியும், பிரேக்குக்குத் தெரியாது. சில பட்டறையில அந்தக் கம்பியையே கழட்டி எறிஞ்சுடுறாங்க.

"தாங்குமா"ன்னு கேட்கிற ஊர்ல "நிக்குமா"ன்னு யாரும் கேட்கிறதில்லை. காய் மூட்டைன்னா கூடப் போகட்டும். அதே வண்டியிலதான் காலையில களை எடுக்கப் பொம்பளைங்க இருபது பேரு நின்னுக்கிட்டுப் போறாங்க, மாசத்துக்கு ஒரு தடவை காதுகுத்துக்கும் கோயிலுக்கும் ஊரே ஏறுது.

சட்டம் இல்லாம இல்லை. 2019-ல திருத்தின பிறகு அளவுக்கு மேல ஏத்தினா 20,000 ரூபாய் அபராதம், கூடுதலா ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. எட்டு வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷாவருஷம் எஃப்.சி. காட்டணும். எஃப்.சி.க்குப் போகும்போது பட்டையைக் கழட்டிட்டு, வந்ததும் மாட்டுறவங்களுக்கு என்ன சட்டம் போடுறது? ஆனா பேராசைன்னு மட்டும் சொல்லிட்டுப் போகவும் எனக்கு மனசு வரலை. கோசு கிலோ அஞ்சு ரூபாய்க்குப் போற நாள்ல, ஒரு நடையை ரெண்டு நடையாப் பிரிச்சா டீசல் காசுகூட மிஞ்சாது. நீங்க கடையில பேரம் பேசுற அந்த ரெண்டு ரூபா, எங்கேயோ சுத்தி இந்தப் பட்டைக்குத்தான் வந்து சேருது.

இந்தத் தடவை என் வண்டிக்கு அச்சு உக்கடத்துது, பிரேக் சாமான் அத்தனையும் புதுசு. பட்டை கம்பெனி கொடுத்த எண்ணிக்கைதான். வால்வுக் கம்பியை மேனுவல்ல இருக்கிற அளவுக்குத் தம்பியை வச்சு நானே கூட நின்னு மாட்டினேன். அவருக்குக் கொஞ்சம் கோபம்தான். "மத்தவங்க யாரும் இதெல்லாம் கேட்கிறதில்லீங்கண்ணா"ன்னார். வியாழக்கிழமை கோசு அறுப்பு, நாப்பது மூட்டை வரும். ரெண்டு நடையா இறக்குறதா முடிவு பண்ணியிருக்கேன்; ரெண்டாவது நடைக்கு டீசல் காசு யார்கிட்டயாவது கைமாத்து வாங்கணும்.