மும்பை மில் நிலம்: ஒரு திருத்தம் செய்த வேலை

மும்பை லோயர் பரேலில் இன்று மால் இருக்கிற இடம், ஒரு காலத்தில் பீனிக்ஸ் மில். ஆபீஸும் பப்பும் நிறைந்த கமலா மில்ஸும் அப்படித்தான். பெயரில் மட்டும் மில் மிச்சம்.

1982-ல் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் 2.5 லட்சம் தொழிலாளர்கள் ஸ்டிரைக்கில் இறங்கினாங்க. அதன்பிறகு பல மில்கள் மீளவே இல்லை. ஆனால் நகரின் நடுவில் சுமார் 600 ஏக்கர் நிலம் இருந்ததே, அது யாருக்கு?

1991 விதிப்படி, தோராயமாக மூன்றில் ஒரு பங்கு பூங்கா, மைதானத்துக்கு. இன்னொரு பங்கு அரசின் வீட்டுவசதி வாரியத்துக்கு. மீதிதான் மில் முதலாளிக்கு.

2001-ல் மாநில அரசு இதைத் திருத்தியது. பங்கு பிரிப்பது ஏற்கெனவே காலியாக இருக்கும் நிலத்தில் மட்டும். ஷெட்டை இடித்தால் கிடைக்கும் இடம் கணக்கில் வராது. மில்லுக்குள் ஷெட் இல்லாத இடம் எவ்வளவு இருக்கும், சொல்லுங்க? பங்கு போட வேண்டிய சொத்தையே சுருக்கிட்டு பங்கு போடுவது நியாயமே இல்லை. 2005-ல் பாம்பே ஐகோர்ட் இதை ஏற்கவில்லை. ஆனால் 2006-ல் சுப்ரீம் கோர்ட், திருத்தம் செல்லும்னு சொல்லிடுச்சு.

தொழிலாளர்களுக்குக் குலுக்கலில் வீடு. விண்ணப்பித்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், கிடைத்தது சிலருக்குத்தான். ஸ்டிரைக் சமயத்தில் 30 வயதில் இருந்தவர், இப்போ 70-ஐத் தாண்டிட்டார்.