மூன்று பகல், இரண்டு இரவு, ஒரு கையெழுத்து



பொருட்காட்சியிலிருந்தோ ஷாப்பிங் மாலிலிருந்தோ வெளியே வரும்போது, வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் டை கட்டிய ஒரு பையன் நிற்பான். "சும்மா பேரும் போன் நம்பரும் எழுதிப் போடுங்க மேடம், லக்கி டிராதான்." எழுதிப் போட்டிருக்கிறீர்களா, இல்லையா?

அந்தச் சீட்டில் பெயர், நம்பரோடு இன்னும் சில கட்டங்கள் இருக்கும். திருமணம் ஆனவரா, வயது என்ன, மாத வருமானம் எவ்வளவு, சொந்தக் கார் உண்டா, கிரெடிட் கார்டு உண்டா? குலுக்கல் சீட்டுக்கு நம் சம்பளம் எதற்கு என்று அந்த அவசரத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. கையில் பிள்ளை, இன்னொரு கையில் டெல்லி அப்பளம். நாம் எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

சில நாளில் போன் வரும். குடும்பத்தோடு மலை ரிசார்ட்டில் மூன்று பகல், இரண்டு இரவு, முழுக்க இலவசம். நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுதான். கணவனும் மனைவியுமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். வாங்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது.

என் தங்கை வீட்டுக்கு அப்படி ஒரு வவுச்சர் வந்தது. "அக்கா, நீங்களும் வாங்க, பிள்ளைங்க சேர்ந்து விளையாடும்" என்றாள். நாங்கள் அதே ரிசார்ட்டில் காசு கொடுத்து அறை போட்டுக்கொண்டோம். ஆகவே ஒரே கூரையின் கீழ் இரண்டு விதமான விருந்தோம்பலையும் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ரிசார்ட்டின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம். எழுதினால், அந்த ஒரு இடத்தைத் தவிர்த்தால் போதும் என்று நினைத்துவிடுவீர்கள்.

முதலில் தேதி. சனி, ஞாயிறு கிடையாது. ஏப்ரல், மே கிடையாது. பூஜை விடுமுறை, கிறிஸ்துமஸ், பொங்கல் எதுவும் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மீதி என்ன இருக்கிறது? கடைசியில் பிள்ளைகளுக்கு லீவு சொல்லி, மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். இடையில் 'யூட்டிலிட்டி சார்ஜ்' என்று ஒரு தொகையை ஆன்லைனில் கட்டச் சொன்னார்கள். போய்ச் சேர்ந்ததும் காலை, இரவுச் சாப்பாடு இரண்டையும் அங்கேதான் எடுத்தாக வேண்டும் என்றார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று பில். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு எக்ஸ்ட்ரா மெத்தை, அதற்குத் தனிக் காசு.

எங்கள் அறை மேல்மாடியில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருந்தது. தங்கை வீட்டு அறையோ தரைத்தளத்தில், சமையலறைக்குப் பின்னால். ஜன்னலைத் திறந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன். குளியலறைச் சுவரில் ஈரம் ஊறியிருந்தது. வெந்நீர் காலையில் இரண்டு மணி நேரம்தான் வரும். ரிசப்ஷனில் போய்ச் சொன்னதற்கு, அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "நீங்க பேக்கேஜ் கெஸ்ட்டா?" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவை இருக்கவில்லை.

இந்த அறைக்காகவெல்லாம் நான் பக்கத்தை நிரப்ப மாட்டேன். மோசமான அறையில் நாம் எல்லோரும் தங்கியிருக்கிறோம், சிரித்துவிட்டு மறந்துவிடலாம். சொல்ல வந்தது இரண்டாம் நாள் காலையைப் பற்றி.

மழை விட்டு, மூடுபனி விலகி, மலை கொஞ்சம் முகம் காட்டிய ஒரே காலை அது. பத்து மணிக்கு அழைப்பு வந்துவிட்டது. பிள்ளைகளை விளையாட்டு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஹாலில் வட்ட மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தம்பதி, எதிரே ஒரு சேல்ஸ் ஆள். பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது. 'அக்கா' என்ற உரிமையில் நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அது அவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

பேசிய பையன் கெட்டிக்காரன். எடுத்த எடுப்பில் விலையைச் சொல்லவில்லை. "சார், கடைசியா எப்ப குடும்பத்தோட வெளியூர் போனீங்க?" என்று தங்கை மாப்பிள்ளையைக் கேட்டான். அவர் யோசித்தார். தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டான். "மேடம் மனசுல இருக்கறது தெரியுது சார். பிள்ளைங்க வளர்ந்துட்டா அப்புறம் நம்ம கூட வருவாங்களா?" இதற்கு எந்தத் தகப்பன் பதில் சொல்வான்?

பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டான். இன்றைக்கு ஒரு நல்ல ஹோட்டல் அறை 5,000 ரூபாய். ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் 25 ஆண்டில் அது 34,000 ரூபாயைத் தாண்டிவிடும். கணக்கு சரிதான், நானும் போட்டுப் பார்த்தேன். "இன்னைக்கே மெம்பர் ஆயிட்டா 25 வருஷத்துக்கு ரூம் வாடகையே இல்ல சார்!"

வாடகை இல்லை, ஆனால் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் உண்டு. தங்கினாலும் கட்ட வேண்டும், தங்காவிட்டாலும் கட்ட வேண்டும். அது ஆண்டுதோறும் ஏறும், அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு. அதே 8 சதவீதத்தை இதற்கும் போட்டுப் பாருங்களேன். இன்றைக்கு 18,000 ரூபாய் என்றால், அதே 25 ஆண்டில் 1,23,000 ரூபாய். இந்தக் கணக்கு மட்டும் அவன் தாளில் இல்லை.

இன்னொரு கணக்கையும் வீட்டில் உட்கார்ந்து போடலாம். மெம்பர்ஷிப் 4 லட்சம், ஆண்டுக்கு ஏழு இரவு என்று வைத்துக்கொள்வோம். அதை வங்கியில் டெபாசிட் போட்டால், 6.5 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 26,000 ரூபாய் வரும். அதோடு பராமரிப்புக் கட்டணம் 18,000 ரூபாயைச் சேர்த்தால் 44,000. ஏழு இரவுக்கு வகுத்தால், ஓர் இரவுக்கு சுமார் 6,300 ரூபாய். சாப்பாடு, பயணம் தனி. அந்தக் காசுக்கு எந்த ஊரில் வேண்டுமானாலும், பிடித்த நாளில், பிடித்த ஹோட்டலில் தங்கிவிட்டு வரலாம். அசல் 4 லட்சமும் வங்கியில் அப்படியே இருக்கும். இஎம்ஐயில் வாங்கினால் கணக்கு இன்னும் மோசம்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த மெம்பர்ஷிப்புக்கு அடிப்படையான டைம்ஷேர் என்ற ஏற்பாடே மோசடி அல்ல. 1960-களில் பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் பிறந்தது இது. ஒரு விடுமுறை வீட்டைப் பலர் சேர்ந்து வாரக் கணக்கில் பங்கு போட்டுக்கொள்வதுதான் அடிப்படை. ஒருவர் தன் வாரத்தை வேறு ஊரில் இன்னொருவர் வாரத்தோடு மாற்றிக்கொள்ள, 1974-ல் அமெரிக்காவில் ஆர்.சி.ஐ. நிறுவனம் தொடங்கியது. 1980-களிலேயே இது நம் மலை ஊர்களுக்கும் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஆண்டு தவறாமல் போகிறது. ஆறு மாதம் முன்பே புக் செய்துவிடுவார்கள். இருவரும் ஓய்வு பெற்றவர்கள், எந்த மாதமானாலும் அவர்களுக்குச் சரி. அவர்களுக்கு இது கட்டுப்படியாகிறது.

நம்மில் எத்தனை பேர் அப்படி? ஒரு வருடம் மாமியாருக்கு ஆபரேஷன், அடுத்த வருடம் பிள்ளைக்கு பிளஸ் டூ, அதற்கடுத்து வீட்டில் ஒரு கல்யாணம். லீவு கிடைக்கும் மே மாதத்தில் கேட்டால் அறை இருக்காது. மெம்பர்ஷிப்பை நிற வாரியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். விலை குறைந்த நிறத்தை வாங்கியவருக்குப் பள்ளி விடுமுறை வாரங்கள் இல்லவே இல்லை. விலை உயர்ந்த நிறத்தை வாங்கியவர்களோ எல்லோரும் ஒரே நேரத்தில் போன் செய்வார்கள். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் வேண்டும். அது கூடக் கிடைத்துவிடும், அறை கிடைக்காது!

ஹாலுக்கு வருவோம். ஒரு மணி நேரம் என்றது மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நடுநடுவே மைக்கில் ஒரு பெயரைச் சொல்லி, "வெல்கம் டு த ஃபேமிலி" என்று அறிவித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். பையன் எழுந்து போய் மேனேஜர் வந்தார், அவர் போய் அவருக்கும் மேலே ஒருவர் வந்தார். ஒவ்வொருவர் வரும்போதும் விலை குறைந்தது. குறைந்த விலை இன்றைக்கு மட்டும், இந்த மேஜையில் மட்டும். வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்றால், "வீட்ல முடிவு எடுக்கறவங்க ரெண்டு பேரும் இங்கதானே இருக்கீங்க?" என்று பதில் வந்தது.

ஏன் கணவன், மனைவி இருவரும் கட்டாயம் வர வேண்டும் என்றார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 'வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்', 'அவகிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்' என்று நாம் வழக்கமாகத் தப்பிக்கும் வாசலை முதலிலேயே அடைத்துவிடுகிறார்கள்.

மாப்பிள்ளை பர்ஸைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். படித்தவர், கணக்குத் தெரிந்தவர், காய்கறிக் கடையில் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர். அவரால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியவில்லை. ஏன்? கல்யாண வீட்டுப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் எழுந்து வர நம்மால் முடியுமா? இவர்கள் அறை கொடுத்தார்கள், காபி கொடுத்தார்கள், பிள்ளைக்கு பலூன் கொடுத்தார்கள். நன்றாக வளர்ந்த மனிதருக்கு வரும் அந்தக் கூச்சத்தை நம்பித்தான் இந்தக் கடையே நடக்கிறது. பேராசைக்காரர்கள்தான் இதில் மாட்டுவார்கள் என்று நினைக்காதீர்கள். முகத்தை முறித்துப் பேசத் தெரியாதவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

கடைசியில் தங்கைதான் எழுந்தாள். "பிள்ளைங்க பசியோட இருக்கும், நாங்க கிளம்பறோம்" என்றாள். அவ்வளவுதான். எதிரே இருந்த சிரிப்பு சட்டென்று மறைந்தது. தருவதாகச் சொன்ன லஞ்ச் கூப்பனை அதற்குப் பிறகு யாரும் நினைவுபடுத்தவில்லை.

சரி, 'இலவசம்' என்று சொல்லிவிட்டுக் காசு வாங்கலாமா? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறான விளம்பரங்களுக்கு எதிராக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பொருளைப் பெற்றுக்கொள்வதற்குத் தவிர்க்க முடியாத செலவைத் தவிர வேறு எதையும் நுகர்வோர் கட்ட வேண்டியிருந்தால், அதை இலவசம் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது அது. நிர்வாகச் செலவு என்ற பெயரில் வசூலிப்பதற்கும் இடமில்லை. 'யூட்டிலிட்டி சார்ஜ்' என்று யாராவது கேட்டால், இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஐரோப்பிய நாடுகளில் டைம்ஷேருக்கென்றே சட்டம் உண்டு. கையெழுத்துப் போட்ட பிறகும் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். அந்த 14 நாளில் முன்பணமாக ஒரு காசு வாங்கக் கூடாது. நம் நாட்டில் டைம்ஷேருக்கெனத் தனிச் சட்டம் இல்லை. அதனால்தான் அதே மேஜையிலேயே கார்டைத் தேய்த்துவிடுகிறார்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்ட வாசகர்கள் இருப்பீர்கள். வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். முதலில் ஒப்பந்தத்தை எடுத்து முழுதாகப் படியுங்கள். பல நிறுவனங்கள் ரத்து செய்ய ஒரு குறுகிய அவகாசம் தருகின்றன, பத்து நாள் என்பது பரவலான வழக்கம். அந்த நாட்களுக்குள் என்றால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பிவிடுங்கள். 'யோசிச்சு அடுத்த வாரம் சொல்லுங்க மேடம்' என்று தேன் தடவிப் பேசுவது அந்த அவகாசத்தைக் கடத்துவதற்காகவும் இருக்கலாம்.

அவகாசம் தாண்டிவிட்டால், கட்டணத்தில் பெரும் பகுதியை 'அட்மிஷன் ஃபீ, திருப்பித் தர இயலாது' என்று பிரித்துக் காட்டுவார்கள். அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். வாயால் சொன்னது ஒன்று, தாளில் இருப்பது ஒன்று என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனம் மும்பையில் இருந்தாலும், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வவுச்சர், வாட்ஸ்அப் மெசேஜ், அவர்கள் கணக்குப் போட்ட அந்தத் தாள், எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

இன்னும் ஒரு போன் வரும், அதற்கும் தயாராக இருங்கள். 'உங்க மெம்பர்ஷிப்பை நல்ல விலைக்கு வித்துத் தர்றோம், வாங்க ஆள் ரெடியா இருக்காங்க' என்பார்கள். ஏற்கெனவே பணம் கட்டி நொந்துபோனவர்களின் நம்பர்கள் எப்படியோ அவர்கள் கையில் இருக்கும். எல்லா விவரமும் சரியாகச் சொல்வார்கள். விற்பதற்கு முன்னால் டிரான்ஸ்ஃபர் சார்ஜ், ஜி.எஸ்.டி. என்று ஒரு தொகையை அனுப்பச் சொல்வார்கள். அதை அனுப்பாதீர்கள். விற்ற பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், போன் தானாகவே கட் ஆகிவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்