கோட்டை வாயிலில் இரண்டு மீன்கள்

ரொறன்ரோவிலிருந்து வாசகர் ஒருவர் மின்னஞ்சலில் படமொன்று அனுப்பியிருக்கிறார். திருகோணமலை பிரெட்றிக் கோட்டையின் வாயிலில் செதுக்கப்பட்டுள்ள இணைக்கயல். கூடவே ஒரு கேள்வி: "சிங்களவனை வென்ற தமிழனின் முத்திரை இது. எழுதத் துணிவு உண்டா?"

உண்டு. ஆனால் அவர் விரும்பும் விதமாக எழுத இயலாது.

13ஆம் நூற்றாண்டு பேரரசுகள் சரிந்த காலம். 1215இல் மாகனின் படையெடுப்பால் பொலநறுவை வீழ்ந்தது. தமிழகத்தில் சோழர் தேய்ந்தனர். 1251இல் முடிசூடிய சடையவர்மன் சுந்தரபாண்டியன் அவர்களிடமே திறை கொண்டான். கீழ்க்கடலில் ஸ்ரீவிஜயம் தளர்ந்தது. அதன் ஆதிக்கத்திலிருந்து விடுபட்ட தாம்பிரலிங்கத்தின் அரசன் சந்திரபானு 1247இல் இலங்கைக் கரையில் இறங்கினான். காவலன் இல்லாத கடலில் அண்டை அரசுகள் ஒன்றையொன்று மோதிக்கொண்டன. அந்த மோதல்களில் ஒன்றின் நினைவே இம்மீன்கள்.

சந்திரபானு சாவகன், பௌத்தன். முதல் முயற்சியில் தம்பதெனியாவின் இரண்டாம் பராக்கிரமபாகுவினுடைய படையிடம் தோற்றான். மீண்டும் வந்தபோது அவன் படையில் பாண்டிய, சோழ நாட்டுத் தமிழ் வீரர் இருந்தனர் என்று சூளவம்சமே கூறுகிறது. குருந்தி முதலிய இடங்களின் சிங்களவரையும் அவன் தன் பக்கம் சேர்த்துக்கொண்டானாம். அவன் கேட்டதோ புத்தரின் தந்தத்தாது. இதில் எந்த இனம் எந்த இனத்தோடு போரிட்டது?

இனி நம் பக்கத்துச் சான்று. சடையவர்மன் வீரபாண்டியனின் குடுமியான்மலைக் கல்வெட்டு, ஈழத்து அரசர் இருவரில் ஒருவனைக் கொன்று, கோணமலையில் கயல் பொறித்து, மற்றவனிடம் யானைகளைத் திறையாகப் பெற்ற செய்தியைச் சொல்கிறது. கொல்லப்பட்டவன் சந்திரபானு என்பதே வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. அதாவது, மடிந்தவன் சிங்களவன் அல்லன். வென்ற பாண்டியன் அவனது நாட்டை யாரிடம் ஒப்படைத்தான்? தமிழனிடமா? பணிந்து வந்த சாவகன் மகனிடமே தந்தையின் ஆட்சியைத் திருப்பிக் கொடுத்தான் என்கிறது அதே கல்வெட்டு. இதை நம் மேடைப் பேச்சாளர்கள் வாசிப்பதில்லை.

மறுதரப்பும் யோக்கியமானதன்று. சூளவம்சம் சந்திரபானுவை முறியடித்த பெருமை முழுவதையும் தன் அரசருக்கே தருகிறது. பாண்டியன் வந்ததையும், யானைகள் திறையாகப் போனதையும் விழுங்கிவிடுகிறது. எனக்கு இதில் வியப்பில்லை. தோல்வியை உள்பக்கத்தின் மூலையில் ஒதுக்கும் வித்தையைச் செய்தி அறையில் முப்பதாண்டுகள் பார்த்தவன் நான்.

கயல்கள் என்ன ஆயின? 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினர். வென்றவனின் முத்திரை அடுத்து வென்றவனின் கட்டடக் கல் ஆயிற்று. 1639இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர். இன்று அதே வாயிலில் இலங்கை இராணுவம் காவல் நிற்கிறது.

வாசக நண்பரே, வெற்றிக்குறி நாட்டியவனுக்கே நிலம் சொந்தம் என்றால், பறங்கிக்கும் சொந்தமே. 2005 மே மாதம் திருகோணமலைப் பேருந்து நிலையத்தருகே இரவோடிரவாகப் புத்தர் சிலையை வைத்தவர்களும் அதே நியாயத்தையே நம்பினர். கிழக்கின் தொல்லியல் மரபைப் பேண 2020இல் அமைத்த ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரையோ முஸ்லிமையோ சேர்க்காதவர்களும் அப்படியே. கல்லைக் காட்டி மனிதரை வெளியேற்றும் அந்த வாதத்தை நாமும் கையிலெடுத்தால், அவர்களை எந்த வாயால் கண்டிப்பது?

திருகோணமலைத் தமிழனின் உரிமை, அவன் அங்கே வாழ்கிறான், உழுகிறான், வலை இழுக்கிறான் என்பதிலிருந்து வருகிறது. பக்கத்துத் தெரு முஸ்லிமுக்கும் சிங்களவனுக்கும் அப்படியே. அதற்குப் பாண்டியனின் மீன் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

படத்துக்கு நன்றி. அழகான செதுக்கல். அதைப் பாதுகாக்கும்படி கேட்போம்; அதைக் கொடியாக்க வேண்டாம்.