தோற்ற குழுவைக் கலைக்கலாமா?

முன்னேஸ்வரத்தில் வடிவாம்பிகா சமேத முன்னைநாதப் பெருமானின் மகோற்சவம் தெதுரு ஓயாத் தீர்த்தத்துடன் நிறைவுறும் காலத்தையொட்டி, அமெரிக்கக் கல்லூரிகளில் வேறொரு திருவிழா தொடங்குகிறது. அதுவே அவர்களுடைய உதைபந்தாட்டப் பருவம். நம் பிள்ளைகள் ஆடும் ஆட்டமன்று அது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி எதிரியின் எல்லைக்குள் பாயும் முரட்டு ஆட்டம். எல்லையை ஒருமுறை கடந்தால் 6 புள்ளிகள்.

அப்பருவத்தின் பழைய கதையொன்றை நேயர்கள் முன் வைக்கிறோம். பாடசாலைக் குழு நான்கு முறை தொடர்ந்து தோற்றுவிட்டால், “இனி இந்த விளையாட்டு எதற்கு?” என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையேயும் உண்டன்றோ? அவர்களுக்கு இக்கதை பயன்படும்.

சிக்காகோ சர்வகலாசாலை ஒரு காலத்தில் இவ்வாட்டத்தில் கொடிகட்டிப் பறந்தது. அமொஸ் அலொன்சோ ஸ்டாக் என்னும் பயிற்சியாளர் 1892 முதல் 1932 வரை அங்கே இருந்து, தம் வட்டாரத்தின் முதன்மை விருதை 7 முறை வென்று தந்தார். பின்னாளில் ஹெய்ஸ்மன் கிண்ணம் எனப் பெயர் பெற்ற பரிசை 1935-இல் முதன்முதலாகப் பெற்றவரும் அச்சர்வகலாசாலை மாணவரான ஜே பெர்வாங்கரே.

அத்தகைய குழு 1939-இல் என்ன ஆயிற்று? ஹாவர்ட் 61 புள்ளிகள் பெற்றது, மிச்சிகன் 85, வேர்ஜீனியா 47, ஒஹாயோ 61, இல்லினோய் 46. இந்த ஐந்து ஆட்டங்களிலும் சிக்காகோ பெற்றது வெறும் பூச்சியம். பருவம் முழுவதும் ஆடிய 8 ஆட்டங்களில் அது ஈட்டிய புள்ளிகள் 37, கொடுத்தவை 308.

பயிற்சியாளர் திறமையற்றவர் என்று கூற இயலாது. கிளார்க் ஷொனசி என்னும் அவரே மறு ஆண்டு ஸ்டான்போர்ட் குழுவுக்குச் சென்று, ஓர் ஆட்டத்திலும் தோல்வி காணாமல் அதனை நடத்திச் சென்றார். உண்மைக் காரணம் வேறு. சிக்காகோவின் தலைவர் ரொபேர்ட் ஹட்சின்ஸ், ஆட்டக்காரரைப் பணச் சலுகை காட்டி இழுப்பதை வெறுத்தவர். கல்லூரி கல்விக்கே உரியது. நுழைவுச்சீட்டு வருமானத்துக்கு உரியதன்று என்பது அவர் கொள்கை. ஆட்டத்தையே பெருந்தொழிலாக நடத்திய கல்லூரிகளோடு, படிக்க வந்த பிள்ளைகள் மோத நேர்ந்தது.

1939 டிசம்பரில் நிர்வாக சபை குழுவையே கலைத்துவிட்டது. வெறிச்சோடிய மைதானத்துப் பார்வையாளர் மேடையின் அடியில்தான், 1942 டிசம்பர் 2-ஆம் நாள், என்ரிக்கோ பேர்மியின் குழுவினர் அணுப்பிளவுத் தொடர்வினையை முதன்முதலாக நிகழ்த்திக் காட்டினர். கல்வி வென்றது என்று பலர் மகிழ்ந்திருக்கலாம்.

ஹட்சின்ஸ் நோயைச் சரியாகவே கண்டார். மருந்தில்தான் நமக்கு ஐயம். அந்தப் பருவத்தின் மற்ற மூன்று ஆட்டங்களைப் பாருங்கள். சிறு கல்லூரியான வாபாஷை 12-2 என்றும், ஓபர்லினை 25-0 என்றும் அதே பிள்ளைகள் வென்றார்கள். பெலோயிட்டிடம் தோற்றதும் 6-0 என்ற அளவில்தான். ஒத்தவரோடு ஆடியபோது அது ஆட்டமாகவே இருந்தது. மலையோடு மோதியபோதுதான் மானம் போயிற்று. எதிரிகளை மாற்றியிருந்தால் போதும். ஆட்டத்தை ஒழித்திருக்க வேண்டியதில்லை.

காலம் இதனை மெய்ப்பித்தது. 1969-இல் சிக்காகோவில் அவ்வாட்டம் மீண்டும் உயிர்பெற்றது. இன்றும் ஆட்டத்துக்கென உதவிப் பணம் வழங்காத கல்லூரிகளின் பிரிவிலேயே அக்குழு ஆடி வருகிறது. அங்கே பேராரவாரம் இல்லை. ஆனால் படிக்கும் பிள்ளை விளையாடவும் செய்கிறான்.

ஆதலின், சிலாபக் கரையோரத்துப் பெற்றோருக்கும் ஆசிரியர்க்கும் நாம் சொல்ல விரும்புவது இதுதான்: பிள்ளை தோற்று வந்தால், எத்தனை கோல் வாங்கினாய் என்று மட்டும் கேளாதீர்கள், யாரோடு ஆடினாய் என்றும் கேளுங்கள். ஏற்ற எதிரிகளைத் தேடிக் கொடுப்பது பெரியோர் கடமை. 85 புள்ளிகள் வாங்கிய பின்னரும் அடுத்த வாரம் மைதானத்தில் இறங்கிய அந்த 1939-ஆம் ஆண்டுப் பிள்ளைகள் தம் கடமையைச் செய்தார்கள். பெரியோர்தாம் முதலில் சோர்ந்துவிட்டனர்.