பாவம் என்னாதீர்!

திருமண நாளன்று இரவு முழுவதும் அலுவலில் இருந்தேன் என்று ஒரு பெண் சொன்னால், கேட்பவர் வாயினின்று முதலில் உதிர்வது "அடப் பாவமே!" என்பதுதான். அதையே ஓர் ஆண் சொல்லட்டும்; "பொறுப்பான மனிதர்" என்பர். இவ்விரண்டு மறுமொழிகளுக்கும் இடையே கிடக்கும் தொலைவைப் பற்றியே ஈண்டுச் சில சொல்ல விழைகின்றேன்.

எங்கள் திருமண நாள் ஏப்ரல் 18. சித்திரையில் மணம் புரிவோர் தேர்தல் ஆணையத்தையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு முகூர்த்தம் குறிப்பது நல்லது போலும்! 2019 மக்களவைத் தேர்தலில் தமிழகம் வாக்களித்தது ஏப்ரல் 18. 2024-இல் ஏப்ரல் 19. முன்னதில், மகள் கைக்குழந்தை என்பதால் எனக்குத் தேர்தல் பணி இல்லை. ஆனால் அன்றிரவு என் கணவருக்குக் கல்பாக்கத்தில் இரவு ஷிப்டு. ஏன் விடுப்பு எடுக்கவில்லை என்று உறவினர் எவரும் அவரைக் கேட்டதில்லை. 2024-இல் என் முறை வந்தது. வேடந்தாங்கலை அடுத்த ஒரு சிற்றூரின் பள்ளியில் நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். ஆணை கைக்கு வந்த நாள் முதல் வீட்டில் தொலைபேசி ஓயவில்லை. "மருத்துவச் சான்று கொடுத்து விலக்கு வாங்கலாமே?" "குழந்தையை யார் பார்ப்பார்?" "முந்தின இரவே போய்த் தங்க வேண்டுமாமே, மாப்பிள்ளை எப்படி ஒப்புக்கொண்டார்?"

மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். நான் கேட்டேன், "போய் வா" என்றார். 2019-இல் அவர் என்னைக் கேட்கவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன். அவரும் இந்த மலரைப் படிப்பவர்தாம்.

தமிழகத்தில் அன்று அமைந்த வாக்குச்சாவடிகள் 68 ஆயிரத்துக்கும் மேல். சாவடிக்கு நால்வர் என்று கொண்டாலும் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் அந்த இரவை வகுப்பறைகளில் கழித்தனர். அவர்களுள் எத்தனை பேருக்குப் பிறந்த நாளோ, மணநாளோ, யார் கண்டார்?

எங்கள் குழுவைச் சேர்த்தது கணினிக் குலுக்கல். ஓய்வுபெறச் சில வாரங்களே இருந்த தலைமையாசிரியை ஒருவர், கூட்டுறவுச் சங்க எழுத்தர் ஒருவர், இளம் இடைநிலை ஆசிரியை ஒருத்தி, பிறகு நான். பயிற்சி வகுப்பில் பெயர் தெரிந்துகொண்டதற்கு மேல் பழக்கமில்லை. அந்தி சாயும் வேளையில் பொறிகளோடு வந்து இறங்கினோம். பெஞ்சுகளை நகர்த்தி, மறைவிடத்துக்கு அட்டை நிறுத்தி, வேட்பாளர் பட்டியலைச் சுவரில் ஒட்டி, உறை உறையாக எடுத்துச் சாவடி எண் எழுதினோம். எத்தனை உறைகள்! எத்தனை படிவங்கள்! தலைமையாசிரியை அம்மா பல தேர்தல் கண்டவர். "மேடம், இன்றிரவு எழுதக்கூடியதை இன்றே எழுதிவிடுங்கள், நாளை மாலை ஆறு மணிக்குக் கை எழுதாது" என்றார். அது எவ்வளவு உண்மை என்பது மறுநாள் மாலை விளங்கிற்று.

கணவர் தொலைபேசியில் வாழ்த்தியதைத் தங்கை கேட்டுவிட்டாள். இடைநிலை ஆசிரியையை அதற்குள் தங்கை என்றே அழைக்கத் தொடங்கியிருந்தேன். எழுத்தர் அண்ணன் எழுந்துபோய்த் தெருமுனையில் நுங்கு வாங்கி வந்தார். ஊரார் உபசாரம் ஏற்கலாகாது என்பது விதியாயிற்றே. "காசு கொடுத்துத்தான் வாங்கினேன், மேடம்" என்று மும்முறை சொன்னார். கேக் வெட்டாத குறை எனக்குத் தோன்றவில்லை. மணிவிழாவும் சதாபிஷேகமும் நம் மரபு. ஆண்டுதோறும் மணநாள் கொண்டாடுவது அண்மையில் வந்த பழக்கம். என் பாட்டிக்குத் தம் திருமணத் தேதியே தெரியாது.

தலைக்குமேல் இருட்டில் "குவாக், குவாக்" என்று குரல் கேட்டது. வக்கா என்னும் இராக்கொக்கு. விலங்கியல் படித்தவள் சும்மா இருப்பேனா? கொக்குகளும் அரிவாள் மூக்கன்களும் அந்தியில் மரத்துக்குத் திரும்பும் நேரத்தில்தான் இது இரைதேடக் கிளம்பும் என்று விளக்கினேன். "அப்படியானால் இங்கே பறவைக்கும் இரவு ஷிப்டு உண்டு!" என்றார் அண்ணன். அவற்றையும் யாரேனும் பாவம் என்பரோ?

வேடந்தாங்கல் மக்களும் இவ்வாறே இரக்கத்துக்கு ஆளாகிறார்கள். கூடு கட்டும் பறவைகள் அஞ்சுமே என்று அவர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஆண்டுதோறும் நாளிதழ்கள் இதைத் "தியாகம்" என்று எழுதுகின்றன. எனக்கு அச்சொல் பிடிக்கவில்லை. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரம் என்பதை அவ்வூரார் நெடுங்காலமாக அறிவர். பறவைகளைச் சுடுவதைத் தடுக்க வேண்டி 1798-இலேயே கலெக்டர் லயனல் பிளேசிடம் உரிமைப் பத்திரம் பெற்றவர்கள் அவர்கள். கொடுத்தார்கள், பெற்றார்கள், இடையில் அன்பும் வளர்ந்தது. இதில் இரக்கப்பட என்ன இருக்கிறது?

நானும் அன்றிரவு எதையும் தியாகம் செய்யவில்லை. இரவு இரண்டு மணிக்குக் கொசுவிரட்டும் புகையில் அமர்ந்து, தலைமையாசிரியை அம்மா தம் முதல் பள்ளியைப் பற்றிச் சொல்லக் கேட்டுக்கொண்டே நூலும் அரக்கும் எடுத்துவைத்தபோது நான் மகிழ்ச்சியாக இருந்தேன். மணவாழ்வின் மகிழ்ச்சி வேறு, இது வேறு. ஒன்று மற்றொன்றைத் தின்பதில்லை. அதிகாலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. ஐம்பது வாக்குகளையும் எண்ணிச் சரிபார்த்து, விவிபேட் சீட்டுகளைக் கறுப்பு உறையில் இட்டு முத்திரை வைத்தோம். ஏழு மணிக்கு முதல் வாக்காளராக ஒரு மூதாட்டி வந்து நின்றபோது, நால்வரும் பல்லாண்டு ஒன்றாகப் பணியாற்றியவர் போலத் தத்தம் இடத்தில் இருந்தோம்.

விலக்குக் கேட்பவரை நான் குறை கூறவில்லை. நோயாளிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அது வேண்டும். 2019-இல் எனக்கும் வேண்டியிருந்தது. தங்கும் பள்ளியில் கதவுள்ள கழிப்பறையும் தண்ணீரும் வேண்டும் என்று கேட்பது பாவம் பார்க்கச் சொல்வதும் அன்று; அது ஆண்களும் சேர்ந்து கேட்க வேண்டியது. ஆனால் "பெண்பிள்ளை, வீட்டில் விசேஷம்" என்று நம்மைக் கேளாமலே நம் பெயரை நீக்கிவைக்கும் கனிவு இருக்கிறதே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தலைமையாசிரியை அம்மா அந்த மே மாதமே ஓய்வு பெற்றார். விழாவுக்கு நாங்கள் மூவரும் போயிருந்தோம். அடுத்த தேர்தலுக்குப் பட்டியல் தயாரிப்போர் என் பெயரை அப்படியே விட்டுவைக்கட்டும். வீட்டில் கேட்க வேண்டியதை நானே கேட்டுக்கொள்கிறேன்.